நிலாவரையில் போட்ட தேசிக்காய்

யாழ்ப்பாணத்துப் புத்தூர் நிலாவரைக் கிணற்றில் ஒரு தேசிக்காயைப் போட்டால் அது கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்று அம்மம்மா சொல்லுவா. யார் போட்டது, யார் எடுத்தது என்று கேட்டால் பதில் வராது. "போட்டவை, வந்தது" என்பதோடு கதை முடிந்துவிடும். இராமர் தாகம் தீர்க்க அம்பு விட்ட இடம்தான் நிலாவரை என்பதும், அதற்கு அடியே கிடையாது என்பதும் அதே மூச்சில் வரும்.

படித்து முடித்து ஊருக்குத் திரும்பிய வயதில் இதையெல்லாம் நான் சிரித்து ஒதுக்கினேன். பிறகு 1877ஆம் ஆண்டு ஜேர்மனியில் நடந்த ஒரு பரிசோதனையைப் பற்றி வாசித்தபோதுதான் அம்மம்மா சொன்னது அவ்வளவு முட்டாள்தனமில்லை என்று உறைத்தது.

டானியூப் ஆறு இம்மெண்டிங்கன் என்ற ஊருக்கு அருகே தன் நீரைப் படுகையிலுள்ள ஓட்டைகளுக்குள் இழந்துவிடும். கோடையில் ஆறு முழுதாகவே காணாமல் போகும். தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தள்ளி ஆக் என்ற இடத்தில் பெரிய ஊற்று ஒன்று பொங்கிக்கொண்டிருக்கும். டானியூப் கரையில் ஆலை வைத்திருந்தவர்கள் ஓட்டைகளை அடைத்து ஆற்றை மீட்கப் பார்த்தார்கள். ஆக் ஊற்றை நம்பியிருந்தவர்கள் அது தங்கள் நீர் என்று எதிர்த்தார்கள். வழக்கைத் தீர்க்க ஒரு தேசிக்காய் தேவைப்பட்டது. 1877 ஒக்ரோபரில் 10 கிலோகிராம் புளோரெசீன் சாயத்தை ஓட்டைக்குள் ஊற்றினார்கள். 60 மணித்தியாலம் கழித்து ஆக் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. மணிக்கு 200 மீற்றர் வேகம். இரண்டு இடத்துக்கும் இடையில் ஒரு மலைநாடே கிடந்தது.

அந்த இடத்துக்கும் எங்கள் யாழ்ப்பாணத்துக்கும் பொதுவானது ஒன்று உண்டு: சுண்ணக்கல். நிலாவரைக்கும் கீரிமலைக்கும் நேரடிச் சுரங்கம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. இந்தக் கல்லுக்குள் நீர் ஓரிடத்தில் நுழைந்து, எதிர்பாராத தூரத்தில், எதிர்பாராத வேகத்தில் வெளிவரும் என்பதை அந்தக் கதையைக் கட்டியவர்கள் எப்படியோ கண்டிருக்கிறார்கள். தேசிக்காய்க்குப் பொருந்துவது மலக்குழிக்கும் யூரியாவுக்கும் கழிவெண்ணெய்க்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்துக் குடிநீரைப் பற்றிய பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சமையலறைக்குப் போய்க் கேத்திலைத் திறந்து பாருங்கள். அடியில் வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் பெயரும் ஒரு படிவு இருக்கும். அது நம் காலுக்குக் கீழே உள்ள பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. சோடாவைவிடப் பல மடங்கு மென்மையான அமிலம். ஆனால் அதற்கு அவசரமில்லை. மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த கல்சியம் காபனேற்றை அது மாரிக்கு மாரி துளித்துளியாகக் கரைக்கிறது. மயிரிழை வெடிப்பு விரல் நுழையும் வெடிப்பாகிறது, விரல் வெடிப்பு குகையாகிறது. கரைந்த கல் கிணற்று நீரோடு வீட்டுக்கு வந்து, கொதிக்கும்போது காபனீரொட்சைட்டை இழந்து மறுபடி கல்லாகக் கேத்திலில் ஒட்டுகிறது. கேத்திலில் சேர்ந்த அளவு கல், நிலத்துக்குள் எங்கோ ஓர் ஓட்டையாக இருக்கிறது.

குடாநாட்டுக்கு ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு, அது மாரியில் மட்டும் ஓடும் வெள்ள வாய்க்கால். ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்வது கல்லுக்குள் இறங்கி, அங்குள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் உவர்நீரைவிடச் சற்றே இலேசானது. 1000 லீற்றர் நன்னீர் 1000 கிலோ என்றால் கடல்நீர் ஏறத்தாழ 1025 கிலோ. இந்த 25 கிலோ வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பம்பு போட்டு மேல்மட்டத்தை அரை மீற்றர் இறக்கினால், அடியிலிருந்து உவர் காலப்போக்கில் 20 மீற்றர் மேலேறும். நிலாவரையிலேயே மேல்நீர் நல்லது, ஆழம் போகப் போக உவர். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே நீருக்குக் காவலாக இருந்தது. பம்புக்குக் களைப்பில்லை. உவர் ஏறுவது தனிக் கதை, இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

நிலத்தடி நீர் சுத்தமானது என்ற நம்பிக்கை மணல் நாடுகளில் பிறந்தது. மணலில் நீர் நாளுக்கு ஓரிரு மீற்றர், பல இடங்களில் அதைவிடவும் மெதுவாக நகரும். நகரும் வழியில் கிருமிகள் மணல்துகள்களில் ஒட்டிக்கொள்ளும், மண்ணிலுள்ள மற்ற நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்னும், எஞ்சியவை பட்டினியில் சாகும். ஜேர்மனியர் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். பொதுக் குடிநீர்க் கிணற்றைச் சுற்றி மூன்று வளையம். முதலாவது கிணற்றை ஒட்டி, அதற்குள் யாரும் நுழையக்கூடாது. இரண்டாவது வளையத்தின் எல்லையிலிருந்து கிணற்றுக்கு வந்துசேர நீருக்கு 50 நாள் பிடிக்க வேண்டும். மலத்திலிருந்து வரும் நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை அதற்குள் செத்துவிடும் என்பது கணக்கு. மூன்றாவது, கிணற்றுக்கு நீர் தரும் நிலம் முழுவதும். இதில் எனக்குப் பிடித்தது, அவர்கள் எல்லையை அடியால் அளக்காமல் நாளால் அளந்ததுதான்.

சுண்ணக்கல்லில் இந்தக் கணக்கு உடைந்துபோகிறது. டானியூப் சாயத்தின் வேகத்தில் 50 நாள் என்றால் 240 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் தொடங்கும் கோடு அநுராதபுரத்தையும் தாண்டிவிடும். அது அசாதாரண வேகம்தான், எங்கள் கல்லின் ஒவ்வொரு வெடிப்பிலும் நீர் அப்படிப் பாய்வதில்லை. ஆனால் எந்த வெடிப்பு எந்தக் கிணற்றுக்குப் போகிறது என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. வடிகட்ட வேண்டிய செம்மண்ணோ சில இடங்களில் மண்வெட்டி இரண்டு முறை இறங்கினாலே 'டங்' என்று கல்லில் முட்டும் அளவுக்குத்தான் இருக்கிறது.

இப்போது ஒரு வளவுக்கு வருவோம். இரண்டு பரப்புக் காணி. ஏக்கருக்குப் பதினாறு பரப்பு என்பதால் இது ஏறத்தாழ 5445 சதுர அடி. சதுரமாக எடுத்துக்கொண்டால் பக்கத்துக்கு 74 அடி. ஒரு மூலையில் கிணறு, எதிர்மூலையில் மலக்குழி. குறுக்கே அளந்தால் நூறு அடிக்கு மேல். கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பதடி இருக்க வேண்டும் என்று பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வழக்கமாகச் சொல்லுவார். பாஸ். ஆனால் பக்கத்து வளவும் இரண்டு பரப்பு. அவர்களும் அப்படியே மூலை பார்த்து வைத்திருக்கிறார்கள். நான்கு வளவுகள் சந்திக்கும் மூலையில் ஒருவரின் கிணறும் இன்னொருவரின் குழியும் ஒரு மதிலின் இரண்டு பக்கத்தில் முதுகு காட்டி நிற்கும். ஒவ்வொருவரும் தனித்தனியே விதிப்படி நடந்திருப்பார்கள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஒரு காலத்தில் யாழ்ப்பாண நகரத்தில் வாளிக் கக்கூசு இருந்தது. மனிதனின் மலத்தை மனிதன் சுமந்த அந்த அவமானம் ஒழிந்தது நல்லது. நீரூற்றும் கக்கூசு வீட்டுக்கு வீடு வந்தது, ஈ குறைந்தது. இவை எல்லாமே சுகாதார முன்னேற்றம். ஆனால் மலம் ஊரைவிட்டுப் போகவில்லை, கண்ணைவிட்டுத்தான் போனது. குடாநாடு முழுவதையும் இணைக்கும் கழிவுக்குழாய் வலையமைப்பு இல்லாத இடத்தில் கக்கூசு என்பது தரைக்கீழ் நீருக்குள் செருகிய புனல். குழி வெட்டும் மேசன்மார் கல்லைத் தொட்டதும் மகிழ்வார்கள்: "அண்ணை, நல்ல வெடிப்பு ஒண்டு கிடைச்சிருக்கு, இனிக் குழி நிரம்பாது." நிரம்பாத குழியைத்தான் நாம் நல்ல குழி என்கிறோம். நிரம்பாததற்குக் காரணம் அது எங்கோ போய்க்கொண்டிருப்பது.

போகிறதா என்று பார்க்க மலிவான வழி ஒன்று உண்டு. இந்திய ஆய்வாளர்கள் 1982இல் அறிமுகப்படுத்தியது. சிறிய கண்ணாடிக் குப்பிக்குள், இரும்புச் சத்தும் கந்தகச் சேர்வையும் ஊறிய ஒரு துண்டுத் தாள். கிணற்று நீரைக் குறியீடு வரை ஊற்றி மூடி, வீட்டுச் சூட்டில் ஓரிரவு வைத்தால் போதும். மலத்தோடு வரும் சில பற்றீரியாக்கள் ஐதரசன் சல்பைட்டை உண்டாக்கும். அது இரும்போடு சேர்ந்து நீரைக் கறுப்பாக்கும். முடிவான சோதனை அல்ல. கறுத்தால் ஆய்வுகூடத்தில் ஈ.கோலை என்ற மலக்கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒன்றுகூட இருக்கக்கூடாது.

சென்ற மாரி முடிந்த கையோடு இரண்டு குப்பி எடுத்து வந்தேன். ஒன்றில் எங்கள் கிணற்று நீர், மற்றதில் பக்கத்து வளவு அக்காவின் கிணற்று நீர். காலையில் எங்களுடையது பழுப்பாக அப்படியே இருந்தது. அக்காவுடையது மை ஊற்றியதுபோல இருந்தது. அவவின் கோழிக்கூடு கிணத்தடிக்கு மிகக் கிட்ட. அதுதான் காரணம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். கொதிக்கவைத்துக் குடியுங்கோ, புளீச்சிங் பவுடர் போட்டுக் கிணற்றை இறையுங்கோ என்று புத்தியும் சொன்னேன்.

சுண்ணக்கல்லும் சாணமும் சந்தித்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் மறக்காத உதாரணம் கனடாவில் இருக்கிறது. ஒன்ராறியோ மாகாணத்தின் வோக்கற்றன், ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அதன் 5ஆம் இலக்கக் கிணறு 1978இல் தோண்டப்பட்டது. ஆழம் 15 மீற்றர்தான், மெல்லிய மண், அடியில் வெடித்த பாறை, பக்கத்தில் பண்ணை. கிணற்றைச் சுற்றியுள்ள காணியை ஊர் வாங்கிப் பாதுகாப்பது நல்லது என்று அப்போதே நிபுணர் அறிக்கை யோசனை சொன்னது. யாரும் வாங்கவில்லை. 22 வருடம் ஒன்றும் நடக்கவுமில்லை. 2000ஆம் ஆண்டு மே மாதம் நாட்கணக்கில் மழை கொட்டியது. பண்ணையில் இட்டிருந்த மாட்டெரு வெடிப்புகளுக்குள் கழுவப்பட்டுக் கிணற்றுக்குள் வந்தது. ஈ.கோலை இனத்திலேயே கொடிய ஒரு வகையும் கம்பைலோபக்ரரும் குழாய்வழியே வீடுகளுக்குப் போயின. ஏழு பேர் இறந்தார்கள். 2300 பேர் அளவில் நோயுற்றார்கள்.

நீர் நிலையத்தை நடத்தியவர்கள் குளோரீனை ஒழுங்காக அளக்காமலே குறிப்பேட்டில் பொய் எண்களை எழுதிவந்தது விசாரணையில் தெரிந்தது. ஊர் முழுக்க அவர்களைத் திட்டியது, நியாயம்தான். ஆனால் நீதிபதி டெனிஸ் ஓ'கானரின் அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் வேறு. அந்த எருவை இட்ட விவசாயிமீது பிழை இல்லை. அவர் நல்ல முறையில், நடைமுறைப்படிதான் இட்டிருந்தார். தன் காணிக்குள் சரியாக நடந்த ஒருவரின் எரு, ஊரின் கிணற்றுக்குள் போயிருக்கிறது. அதன் பிறகு 2006இல் ஒன்ராறியோ கொண்டுவந்த சட்டம் கிணற்றோடு நிற்காமல், கிணற்றுக்கு நீர் வரும் நிலத்தையும் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது.

கிருமியையாவது குளோரீனால் கொல்லலாம். நைத்திரேற்றுக்கு அதுவும் செல்லாது. தோட்டத்தில் போடும் யூரியாவை மண்ணின் பற்றீரியாக்கள் முதலில் அமோனியமாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அமோனியத்துக்கு நேர் மின்னேற்றம், களித்துகளுக்கு மறை மின்னேற்றம், அதனால் ஒட்டிக்கொள்ளும். நைத்திரேற்றுக்கும் களிக்கும் ஒரே ஏற்றம், ஒட்டாது. முதல் மாரி மழையோடு அது நேரே கீழே போகும். வெங்காயத்தின் வேர் அதிக ஆழம் போகாது, அதைத் தாண்டிய பசளை கிணற்றுக்குத்தான். மலக்குழியிலிருந்தும் இதே நைத்திரேற்று வரும்.

குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்தின் பல தோட்டக் கிணறுகள் அதைத் தாண்டுகின்றன என்று 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதிவருகிறார்கள். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகும், நைத்திரேற்று எஞ்சும், ஆகவே செறிவு கூடும். அதிக ஆபத்து ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு. குடலில் அது நைத்திரைற்றாகி, இரத்தத்தின் ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க முடியாத வடிவமாக மாற்றிவிடும். உதடும் நகமும் நீலமாகும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், பண்ணைக் கிணற்று நீரில் பால்மா கரைத்துக் கொடுத்த குழந்தைகள் நீலமானதை ஹண்டர் கோம்லி என்ற மருத்துவர் 1945இல் எழுதிய பிறகுதான் இந்தத் தொடர்பே மருத்துவ உலகில் பேசப்பட்டது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்தப் பயம் இல்லை.

தோட்டக்காரரிடம் போய் உங்கள் பசளை குழந்தையை நீலமாக்கும் என்று சொன்னால் அவர் மண்வெட்டியைத் தூக்குவார். தூக்கவும் வேண்டும், அவர் தனியே செய்த குற்றமல்ல. அவரிடம் வேறு கணக்குச் சொல்லலாம். ஒரு பரப்பு 253 சதுர மீற்றர். ஒரு போகத்துக்கு 400 மில்லிமீற்றர் நீர் பாய்ச்சினால் அது ஏறத்தாழ ஒரு இலட்சம் லீற்றர். அந்த நீரில் நைத்திரேற்று 50 இருந்தால், அதற்குள் நைதரசன் மட்டும் 1.1 கிலோ. யூரியாவாகப் பார்த்தால் இரண்டரைக் கிலோ. பரப்புக்கு இரண்டரைக் கிலோ யூரியாவைக் கிணறே இலவசமாக இறைத்துத் தருகிறது, கடையில் வாங்கும்போது அதைக் கழித்து வாங்கலாம். குழந்தையின் நீல உதட்டைவிட இந்த இரண்டரைக் கிலோ வேகமாக மனதை மாற்றும் என்று நான் நம்புகிறேன். ஜேர்மனியின் மியூனிக் நகரம் இன்னும் ஒரு படி மேலே போய், தன் குடிநீர் ஊறும் மாங்ஃபால் பள்ளத்தாக்கில் இரசாயனப் பசளையில்லாமல் பயிர்செய்யும் விவசாயிகளுக்கு 1992 முதல் காசே கொடுக்கிறது.

எண்ணெய் விடயத்தில் யார் தவறு என்ற கேள்வி ஓரளவு எளிது. சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் வாளியை இறக்கினால் மேலே வானவில் நிறத்தில் ஏடு படர்ந்து வந்த நாட்களை ஊர் மறக்கவில்லை. 2014, 2015 காலத்தில் மக்கள் தாங்கித் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். மின் உற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பானது. மாசாக்கியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கொள்கைக்கு அது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் தீர்ப்பு, கல்லின் வெடிப்புக்குள் இறங்கி எண்ணெயைத் துடைக்காது. எண்ணெய் நீரின்மேல் மிதப்பதால், நீர்மட்டம் கோடையில் இறங்கும்போது தானும் இறங்கிக் கல்லில் பூசிக்கொள்ளும், மாரியில் மட்டம் ஏறும்போது மறுபடி கசியும்.

இப்போது தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்துவிட்டது. 2024 ஓகஸ்டில் திறந்தார்கள், நாளுக்கு 2 கோடியே 40 இலட்சம் லீற்றர் தரக்கூடியது. குழாய் வரும் வீடுகளுக்கு நிம்மதிதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு கவலை மட்டும் உண்டு. குழாய் வந்த வீட்டில் கிணறு மெல்ல மெல்லக் குப்பைக்குழியாவதை வேறு ஊர்களில் பார்த்திருக்கிறேன். மூடியில்லாத பாழ்கிணறு தரைக்கீழ் நீருக்குள் போகும் நேர்வழி, இடையில் மண்ணின் காவல்கூட இல்லை.

போன மாதம் பக்கத்து வளவு அக்கா இன்னொரு கக்கூசு கட்டத் தொடங்கினா. மகள் பிள்ளைப்பேற்றுக்கு வருகிறா, இரவில் வெளியே நடக்க ஏலாது. மேசன் குழிக்குக் கயிறு கட்டுவது எங்கள் மதிலுக்குப் பக்கத்தில். எட்டிப் பார்த்துவிட்டு ஓடினேன்.

"அக்கா, இது எங்கட கிணத்துக்குக் கிட்டவெல்லே வருது."

"தம்பி, எங்கட வளவுக்குள்ளதானே வெட்டுறம்."

நான் டானியூப் கதையைத் தொடங்கினேன். கல், வெடிப்பு, ஐம்பது நாள் எல்லாம் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டா. அடியில் சீமெந்து போட்டு மூடிய தாங்கி கட்டலாம், அதிலிருந்து வழியும் நீரைக் கல்லுக்குள் விடாமல் மேடாக மணல் படுகை போட்டு அதற்குள் விடலாம், மேலே வாழை வைக்கலாம் என்றேன். செலவு கூடும் என்றார் மேசன். முதலில் தூரத்தை அளப்போம் என்று அவரே நாடாவை இழுத்தார். கட்டிய கயிற்றிலிருந்து எங்கள் கிணற்றுக் கட்டு வரை 36 அடி.

"பாத்தீங்களே?" என்றேன்.

"சரி, இடத்தை மாத்துவம்" என்றா அக்கா. "அந்த நாடாவை ஒருக்கா இஞ்சாலையும் பிடியுங்கோ. உங்கட அப்பா வெட்டின குழியிலயிருந்து என்ர கிணத்துக்கு எவ்வளவு எண்டு பாப்பம்."

மேசன் மதிலின் மேலால் நாடாவைப் போட்டார். நான் எங்கள் பக்கம் குழி மூடியில் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் செங்கல் துண்டை எடுத்து மதிலில் எண்ணை எழுதினார்: 27.